53 கிலோமீட்டர், 30 நடை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பனி மூடிய செங்குத்தான மலையில் எறும்புச் சாரைபோல் மனிதர்கள் ஏறும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அலாஸ்காவில் தங்கம் தேடிப் போனவர்கள், ஆளுக்கு ஒரு டன் சாமான் சுமந்தவர்கள் என்று கீழே போட்டிருந்தது. அது நம்பும்படி இல்லையே என்று சந்தேகப்படுகிறீர்கள். டொரொன்டோவில் இருக்கிறீர்கள், அப்பாவுக்கு 63 வயது, அவரையும் அழைத்துக்கொண்டு அந்தப் படிக்கட்டில் ஏறிப் பார்க்க முடியுமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கதையில் எவ்வளவு உண்மை என்பது ஒன்று. இன்று போனால் அதில் எது கண்ணில் படும் என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சரியான பதில் தெரியாமல் போனால் இரண்டாவதில் ஏமாற்றம்தான் மிஞ்சும். யூகானின் வைட்ஹார்ஸ் ஊரில் 16 வருடமாக இருக்கிறேன். கோடையில் பயணிகளை அழைத்துப் போவது என் வேலை. நீங்கள் பார்த்த படத்தில் உள்ள சில்கூட் பாதையை முழுதாக நான்கு முறை நடந்திருக்கிறேன், கடைசியாக 2019இல். அந்த அனுபவத்தையும், இங்கே படித்ததையும் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். தங்கம் கிடைத்தது அலாஸ்காவில் அல்ல, கனடாவின் யூகான் பகுதியில், க்ளோண்டைக் ஆற்றின் ஓடைகளில். அங்கே போகும் வழிதான் அலாஸ்கா கடற்கரையில் தொடங்கியது. டையீ என்ற இடத்தில் கப்பலிலிருந்து இறங்கி, சில்கூட் கணவாயைத் தாண்டி, பென்னெட் ஏரி வரை 53 கிலோமீட்டர் நடை. அங்கே மரம் வெட்டி, பலகை அறுத்து, படகு கட்டி, யூகான் ஆற்றில் ஏறக்குறைய 900 கிலோமீட்டர் மிதந்து போனால், அந்த ஓடைகளுக்கு அருகே உள்ள டாசன் நகரம். நீங்கள் பார்த்தது 1897-98 குளிர்காலத்தில் கணவாயின் கடைசி ஏற்றத்தில் எடுத்த படம். இது ஏன் முக்கியம் என்றால், அந்தப் படிக்கட்டு பனியில் வெட்டியது. சுமார் 1,500 படிகள். அதை வெட்டியவர்கள் ஏறுகிறவர்களிடம் சுங்கம் வாங்கினார்கள். அடுத்த வெயிலில் அது உருகிப் போய்விட்டது. நீங்கள் ஜூலையில் போய் நின்றால் அங்கே படியே இருக்காது. குளிர்பெட்டி அளவிலும் மேசை அளவிலும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும். கைகளையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். மழை பெய்தால் பாறையில் ஒட்டியிருக்கும் பாசி சோப்புப்போல் வழுக்கும். 'படிக்கட்டு எங்கே?' என்று கேட்டு மனம் வாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

சரி, ஒரு டன் விஷயத்துக்கு வருவோம். இது உண்மை, ஆனால் சொல்லப்படும் விதத்தில் கொஞ்சம் பிசகு இருக்கிறது. 1897 குளிர்காலத்தில் டாசனில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வந்து, ஊரே பட்டினியில் மாட்டிக்கொள்ளும் என்ற பயம் பரவியது. அதன்பின் கனடாவின் வடமேற்குக் குதிரைப்படைப் போலீஸ், ஒரு வருடத்துக்கான உணவு இல்லாத எவரையும் உள்ளே விடுவதில்லை என்று முடிவு செய்தது. கணவாயின் உச்சியிலேயே கூடாரம் போட்டு, கொடி நட்டு, மூட்டைகளைச் சோதித்து, சுங்கவரியும் வசூலித்தார்கள். ஆக, விதி கேட்டது உணவைத்தான். அதுவே சுமார் 500 கிலோ. கோதுமை மாவு மட்டும் 180 கிலோ, அதற்குமேல் உப்பிட்ட பன்றி இறைச்சி, காய்ந்த பீன்ஸ், சர்க்கரை, காபி. கூடாரம், அடுப்பு, ரம்பம், ஆணி, மண்வெட்டி, துணிமணி எல்லாம் சேர்ந்தபோது ஆளுக்கு 900 கிலோ ஆகிவிட்டது. 'ஒரு டன்' என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

இந்த 900 கிலோவை ஒரு மனிதன் எப்படித் தூக்குவான் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே தடவையில் முடியாது. நம் ஊரில் கட்டட வேலையில் மணல் சுமப்பவர் 'இன்னும் எத்தனை நடை இருக்கு?' என்று கேட்பாரே, அந்த 'நடை'தான் இங்கே கணக்கு. முதுகில் 30 கிலோ என்று வைத்தால் 30 நடை. ஒரு மூட்டையைச் சில கிலோமீட்டர் கொண்டுபோய், பனியில் ஒரு கம்பை நட்டு அதன் அடியில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து அடுத்ததை எடுக்க வேண்டும். மொத்தச் சாமானும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அடுத்த கட்டம். 30 தடவை சுமையோடு, 29 தடவை சுமையில்லாமல் என்று பார்த்தால் 53 கிலோமீட்டர் பாதை 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. இது நான் போட்ட தோராயக் கணக்கு. அடிவாரத்தில் பனிச்சறுக்கு வண்டியில் இழுத்தவர்கள் ஒரே நடையில் அதிகம் கொண்டுபோனார்கள், காசிருந்தவர்கள் கூலிக்கு ஆள் வைத்தார்கள், பின்னால் கம்பிவட வண்டிகளும் வந்தன. அதனால் எல்லோரும் இவ்வளவு நடக்கவில்லை. ஆனாலும் ஒருவர் தன் சாமானை ஏரிக்கரைக்குக் கொண்டுசேர்க்கச் சராசரியாக மூன்று மாதம் ஆனது. கடைசி ஏற்றம் அடியிலிருந்து உச்சிக்குச் சுமார் 300 மீட்டர் உயரம், அதைத்தான் படத்தில் பார்த்தீர்கள். வரிசையிலிருந்து மூச்சு வாங்க ஒதுங்கினால், மறுபடி இடம் கிடைக்க வெகுநேரம் காத்திருக்க வேண்டும். உச்சியில் மூட்டையைப் போட்டதும் பனியில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே கீழே வந்துவிடுவார்கள், அடுத்த மூட்டைக்கு. படத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த மலையைப் பல தடவை ஏறிக்கொண்டிருந்தவர்கள் என்பது தெரிந்தபின் அந்தப் படம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. சாகசம் என்பதைவிட அது கூலி வேலைபோல் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பாதையைத் தங்க வேட்டைக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. அது டிளிங்கிட் என்ற பழங்குடி மக்களின் வணிகப் பாதை. கடற்கரையிலிருந்து யூலக்கன் என்ற சின்ன மீனின் எண்ணெயை உள்நாட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தோலும் மென்மயிரும் வாங்கி வந்தார்கள். கணவாய் அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்தது. 1880 வாக்கில்தான் வெளியாட்களை அதன் வழியே போக விட்டார்கள். தங்க வேட்டை வந்தபோது கூலிச் சுமையில் கைதேர்ந்தவர்களும் அவர்களே. ஆண்கள், பெண்கள், வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் சுமந்தார்கள். கூலியை அவர்களே பேசி முடித்தார்கள், ஆள் கூடக்கூட கூலியும் ஏறியது. 1898 ஏப்ரல் 3, குருத்தோலை ஞாயிறு. பல நாள் பனி கொட்டி, வெதுவெதுப்பான காற்று வீசியிருந்தது. அன்று மலை சரியில்லை என்று சொல்லி டிளிங்கிட் சுமையாளர்கள் ஏற மறுத்தார்கள் என்று குறிப்புகள் சொல்கின்றன. மற்றவர்கள் ஏறினார்கள். பனிச்சரிவில் 60 பேருக்கு மேல் புதைந்து இறந்தார்கள். 65 என்பவர்களும் உண்டு, அதைவிடக் கூடுதலாகச் சொல்பவர்களும் உண்டு. எல்லோருடைய பெயரும் பதிவாகாத கூட்டம் அது. சரியான எண்ணிக்கை இனிமேல் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. டையீயில் மரங்களுக்கு நடுவே அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மரப்பலகைகளில் பெயர் வேறு, ஊர் வேறு. தேதி மட்டும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றே. அப்பாவோடு போகும்போது அங்கே ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

தங்கத்தை முதலில் கண்டது யார் என்பதும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான்: 1896 ஆகஸ்ட் 16 அன்று, அப்போது ராபிட் கிரீக் என்றும் பிறகு பொனான்சா என்றும் அழைக்கப்பட்ட ஓடையில் நான்கு பேர் இருந்தார்கள். கலிபோர்னியாவிலிருந்து வந்த ஜார்ஜ் கார்மக், அவர் மனைவி ஷா ட்லா என்ற கேட், கேட்டின் சகோதரர் கீஷ் என்ற ஸ்கூக்கம் ஜிம், அவர்களுடைய மருமகன் (சகோதரி மகன்) டாசன் சார்லி. கேட்டும் ஜிம்மும் சார்லியும் டாகிஷ் என்ற பழங்குடி மக்கள். கண்டுபிடிப்பு உரிமம் கார்மக் பெயரில் பதிவானது. கார்மக் தானே கண்டதாகச் சொன்னார். டாகிஷ் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்படுவது ஜிம்தான் கண்டார் என்று. பழங்குடி ஒருவர் பெயரில் போனால் பதிவே செல்லாமல் போகுமோ என்ற பயத்தில் கார்மக் பெயரில் போட்டார்கள் என்பது அவர்களின் விளக்கம். பார்த்த வேறு சாட்சி இல்லை. என் சொந்த எண்ணத்தைக் கேட்டால், ஜிம்தான் என்று சொல்வேன். அந்தக் காட்டை அறிந்தவரும் வேட்டைக்கு முன்னே நடந்தவரும் அவர்தான். இது என் ஊகம். தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதேபோல 'ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள்' என்ற எண்ணும் மதிப்பீடுதான். 1897 ஜூலை 17 அன்று போர்ட்லேண்ட் என்ற கப்பல் தங்கத்தோடு சியாட்டில் துறைமுகத்துக்கு வந்ததும் ஊர்கள் காலியானது உண்மை. கிளம்பியவர்களில் 30,000 முதல் 40,000 பேர் டாசன் வந்து சேர்ந்திருப்பார்கள் என்றும், அவர்களில் ஏதோ கொஞ்சமாவது தங்கம் பார்த்தவர்கள் 4,000 பேர் என்றும் சொல்வார்கள். பென்னெட் ஏரியில் பனி உடைந்தது 1898 மே 29. அந்த வசந்தத்தில் 7,000க்கும் அதிகமான படகுகள் ஆற்றில் இறங்கின. இது போலீஸ் எண்ணி எழுதிய கணக்கு, இதை நம்பலாம். ஒவ்வொரு படகுக்கும் எண் கொடுத்து, பயணிகள் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். எங்கள் வைட்ஹார்ஸ் அருகே இருந்த நீர்ச்சுழல்களில் பல படகுகள் உடைந்து சிலர் மூழ்கிய பிறகு, தேர்ந்த படகோட்டி இல்லாமல் அதைக் கடக்கக் கூடாது என்றும் விதி வந்தது. இன்று அணைக்கட்டின் நீர் அந்தச் சுழல்களை மூடிவிட்டது. நான் மாலையில் நடக்கப் போகும் இடம் அது.

வந்து சேர்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? நல்ல ஓடைகள் எல்லாம் 1896லும் 1897லும், முன்பே யூகானில் இருந்தவர்கள் கையில் போய்விட்டன. மூன்று மாதம் சுமந்து, படகு கட்டி, டாசன் தெருவில் வந்து நின்றபோது, அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு மண் தோண்டும் வேலைதான் இருந்தது. அந்த வேலையும் சும்மா இல்லை. நிலத்தடி வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும். இரவில் விறகு அடுக்கித் தீ மூட்டி, காலையில் சாம்பலை வாரி, இளகிய கொஞ்சம் மண்ணை வாளியில் மேலே இழுப்பார்கள். மறுபடி தீ. இப்படிப் பல மீட்டர் இறங்கினால் அடிப்பாறை. அதன்மேல் படிந்த சரளையில்தான் தங்கம், இருந்தால். குளிர்காலம் முழுக்கக் குவித்த மண்ணை வசந்தத்தில் ஓடை உருகிய பிறகுதான் மரத் தொட்டியில் ஓடவிட்டு அரித்துப் பார்க்க முடியும். அதுவரை குவியலில் என்ன இருக்கிறது என்று ஓரளவே தெரியும். 1899 கோடையில் அலாஸ்காவின் நோம் கடற்கரை மணலிலேயே தங்கம் என்று செய்தி வந்ததும், ஆயிரக்கணக்கானோர் டாசனைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

இப்போது உங்கள் பயணம். முதலில் ஒரு எச்சரிக்கை. 2020இல் பெருந்தொற்றுக்காகப் பாதை மூடப்பட்டது. 2022 இலையுதிர்காலத்தில் வந்த வெள்ளம் அமெரிக்கப் பக்கத்தில் பாலங்களையும் பாதையையும் சேதப்படுத்தியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எல்லையைக் கால்நடையாகக் கடக்கலாமா என்பது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே டையீயிலிருந்து பென்னெட் வரை நடக்கலாம் என்று யாராவது பழைய கட்டுரையில் எழுதியிருப்பதை நம்பி விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை, பார்க்ஸ் கனடா இரண்டின் பக்கங்களையும் அந்த வருட நிலவரத்துக்குப் பாருங்கள். முழுப் பாதை திறந்திருக்கும் காலத்தில் அனுமதிச் சீட்டு கட்டாயம். கணவாயைக் கடக்க ஒரு நாளைக்கு 50 பேர் என்று வரம்பு உண்டு, நடக்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். இன்னொரு சிக்கல் பாஸ்போர்ட். டையீயும் அதன் பக்கத்து ஊரான ஸ்காக்வேயும் அமெரிக்கா. அப்பாவிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், கனடாவில் நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) இருந்தாலும் அமெரிக்க விசா வேண்டும். அதற்குப் பல மாதம் காத்திருக்க நேரலாம். முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

63 வயதில் சில்கூட் முடியுமா? வயது ஒரு தடையே இல்லை, என்னோடு வந்தவர்களில் அதைவிட மூத்தவர்கள் உண்டு. ஆனால் ஷீப் கேம்ப் என்ற முகாமிலிருந்து கணவாயைத் தாண்டி அடுத்த முகாமான ஹேப்பி கேம்ப் வரும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், முதுகில் 15 கிலோவுக்குக் குறையாமல். நடுவில் திரும்பி வர முடிவெடுத்தால் அதுவும் கஷ்டம். ஜூலையிலும் உச்சியில் பனி கிடக்கும், மூடுபனி வந்தால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. அப்பாவின் மூட்டுகள் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. டொரொன்டோவில் பை மாட்டிக்கொண்டு மேடு பள்ளத்தில் அடுத்தடுத்து மூன்று நாள், நாளுக்கு 15 கிலோமீட்டர் நடக்கச் சொல்லிப் பாருங்கள். நான்காம் நாள் காலை அவர் எப்படி எழுந்திருக்கிறார் என்பதே பதில். மருத்துவ ரீதியாக அதற்குமேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

முழுப்பாதை வேண்டாம் என்று முடிவானால் வருத்தப்படாதீர்கள். ஸ்காக்வேயிலிருந்து வைட் பாஸ் ரயில் ஏறுங்கள். அந்தக் குறுகிய பாதை ரயில் 1898இல் தொடங்கி 1900இல் வைட்ஹார்ஸை எட்டியது. ரயில் வந்ததும் சில்கூட் ஒரேயடியாக வெறிச்சோடிப் போனது. ரயில் போகும் பள்ளத்தாக்கில்தான் போட்டிப் பாதையான வைட் பாஸில் சுமார் 3,000 பொதி விலங்குகள், பெரும்பாலும் குதிரைகள், பசியிலும் சுமையிலும் கால் ஒடிந்தும் செத்தன. செத்த குதிரைப் பள்ளம் என்றே அந்த இடத்துக்குப் பெயர். ரயில் பென்னெட் வரை ஓடும் நாளாக இருந்தால் அங்கே இறங்கி, மேட்டில் தனியாக நிற்கும் மரத்தேவாலயத்தைப் பாருங்கள். 1899இல் கட்டினார்கள்; கட்டி முடிக்கும் சமயத்தில் ஊரே கலைந்துவிட்டது.

முழுப்பாதையும் நடக்கக் கிடைத்தால், கண்ணை மலையில் மட்டும் வைக்காமல் காலடியிலும் வையுங்கள். பாதையில் வரும் கேன்யன் சிட்டி என்ற பழைய குடியிருப்பில் காட்டுக்குள் ஒரு பெரிய நீராவிக் கொதிகலன் துருப்பிடித்து நிற்கிறது, கம்பிவட வண்டியை இழுத்த இயந்திரம். கணவாய்க்கு மேலே, மடித்துக் கட்டிய கேன்வாஸ் படகுகள் அடுக்கியபடியே மட்கிக் கிடக்கின்றன. யாரோ விற்க நினைத்துச் சுமந்து வந்து அங்கேயே விட்டுப் போனவை. 2014இல் என்னோடு வந்த ஒருவர் பாறை இடுக்கிலிருந்து ஒரு காலணி அடிப்பாகத்தை எடுத்தார். தோல் விறைத்துச் சுருண்டிருந்தது, ஓரத்தில் ஆணிகள் வரிசையாக இருந்தன. குதிகால் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தது. அதைப் போட்டவர் ஒரு காலைச் சாய்த்து நடந்திருக்கிறார் என்பதை அது சொல்லிவிட்டது. பார்த்துவிட்டு அதே இடுக்கில், அதே பக்கமாக வைக்கச் சொன்னேன். இப்போது யோசித்தால் தொடவே விட்டிருக்கக் கூடாது. அங்கே கிடக்கும் தகர டப்பாவைக்கூட எடுப்பது சட்டப்படி குற்றம், நகர்த்தினாலும் அதன் கதை போய்விடும்.

பிறகு காரில் டாசன் வரை போங்கள். வழியில் கார்க்ராஸ் ஊரின் கல்லறைத் தோட்டத்தில் கேட், ஸ்கூக்கம் ஜிம், டாசன் சார்லி மூவரும் இருக்கிறார்கள். டாசனில் எல்லோரும் மதுக்கடையையும் பழைய மரக் கட்டடங்களையும் பார்ப்பார்கள். நீங்கள் அந்தப் பகுதிப் பழங்குடிகளான ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களின் பண்பாட்டு மையத்துக்கும் போங்கள். க்ளோண்டைக் ஆறு யூகானில் கலக்கும் இடம் அவர்களுடைய மீன்பிடி முகாம். கூட்டம் வந்து அதை அழித்தபோது, தலைவர் ஐசக் தன் மக்களை ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள மூஸ்ஹைடு என்ற இடத்துக்குக் கொண்டுபோனார். தங்கள் பாட்டும் ஆட்டமும் இந்த இரைச்சலில் அழிந்துவிடும் என்று பயந்து, அவற்றை அலாஸ்காவில் இருந்த உறவு மக்களிடம் பாதுகாக்கச் சொல்லி ஒப்படைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து அவர் வழிவந்தவர்கள் போய் அந்தப் பாட்டுகளைத் திரும்பக் கற்று வந்தார்கள். 2023இல் யுனெஸ்கோ அந்த இடங்களை ட்ரொண்டெக்-க்ளோண்டைக் என்ற பெயரில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நல்ல காலம். மழைச்சட்டையும் கம்பளி மேலாடையும் அப்பாவுக்கு இரண்டு செட் வையுங்கள். கரடிக்கான மிளகுத் தெளிப்பான் விமானத்தில் கொண்டுவர முடியாது, இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். அப்பாவின் நடைப் பயிற்சி எப்படிப் போனது, விசா கிடைத்ததா என்று எழுதுங்கள். அதற்கேற்ப எத்தனை நாள், எங்கெங்கே தங்கலாம் என்று சொல்கிறேன்.